பெயர் மறைத்த கட்டுரை

பல்கலைக்கழகத் தமிழ்த் துறையில் அவளுக்குச் 'சொல்லடைவு அம்மா' என்று பெயர். பழைய நூல்களை ஆண்கள் பதிப்பிப்பார்கள். எந்தச் சொல் எந்தப் பாட்டில் வருகிறது என்று கடைசியில் ஒரு அகரவரிசை வேண்டுமே, அந்த முதுகொடிகிற வேலை மட்டும் அவள் தலையில் விழும். எத்தனையோ புத்தகங்களின் வால் அவளுடையது. ஒன்றின் அட்டையிலும் அவள் பெயர் கிடையாது.

துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் தராசு. பாடியவர் பெயர் தொலைந்துபோன பாட்டு ஒன்றை நீட்டினால் போதும், நாலு வரி படித்துவிட்டு இது இன்னார் கை என்று நிறுத்துச் சொல்லிவிடுவார். 'முற்றுகைப் பாடல்கள்' என்ற, ஆசிரியர் பெயரில்லாத ஈராயிரம் ஆண்டுப் பழைய தொகுதியைப் பாடியவன் ஒரு போர்வீரன் என்று இளவயதிலேயே தீர்ப்பு எழுதி, அந்த ஒரு தீர்ப்பிலேயே பேரும் நாற்காலியும் சம்பாதித்த மனிதர். இப்போது ஓய்வு பெறப்போகிறார்.

அடுத்த தலைவர், பணிமூப்புப்படி பார்த்தால், அவள்தான். ஆனால் மூப்பை யார் பார்த்தார்கள்? எல்லோர் கண்ணும் தம்பி மேல். தராசின் செல்ல மாணவன். வயது நாற்பதைத் தொட்டும் துறைக்கே அவன் தம்பிதான். அவளை அக்கா, அக்கா என்று சுற்றி வருவான். மதியத்தில் கேட்காமலே அவள் சாப்பாட்டு டப்பாவில் கை வைப்பான்.

அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் அவள் வழக்கம்போலக் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தலையெழுத்தைப் பேசுகிற கூட்டத்துக்கும் அவளே குறிப்பு எழுத வேண்டும் என்பது யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை.

தராசு தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆய்விதழ்லேருந்து ஒரு கட்டுரை எனக்கு மதிப்பீட்டுக்கு வந்துச்சு. வெளியில சொல்லக் கூடாது, ஆனா மனசு தாங்கலை. எழுதினவர் பேரை மறைச்சுத்தான் அனுப்புவாங்க. எனக்கெதுக்குப் பேரு? மூணாம் பக்கத்துலயே ஆள் தெரிஞ்சுபோச்சு. முற்றுகைப் பாட்டைப் பாடினது வீரன் இல்லையாம். கோட்டைக்குள்ள தண்ணியும் தானியமும் அளந்து கொடுத்த ஒரு பொம்பளையாம். என் புத்தகத்தையே கவுத்துட்டான்! ஆனா எனக்குப் பெருமையா இருக்கு. இதையே ஒரு பொம்பளை எழுதியிருந்தா, சொந்தக் கட்சிக்கு வக்காலத்துன்னு தள்ளிடலாம். ஒரு ஆம்பளை எழுதினா அது ஆராய்ச்சி. ஆஹா ஓஹோன்னு எழுதி அனுப்பிட்டேன். என்ன தம்பி, நீதானே?"

தம்பி தலையைக் குனிந்து புன்னகை செய்தான்.

அவள் பேனா நின்றது. அந்தப் பெண்ணை அவள் கண்டுபிடித்ததே சொல்லடைவு போடும்போதுதான். வாளுக்கும் வேலுக்கும் தொகுதி முழுக்கத் தலா ஒரே ஒரு சொல்தான் இருந்தது. கிணற்றில் தண்ணீர் இறங்குவதற்கும் குதிரில் தானியம் குறைவதற்கும் பக்கம் பக்கமாகச் சொற்கள் இருந்தன.

"அது என் கட்டுரை சார்."

தராசு சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். "நீங்களா? முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

"பேர் தெரியக் கூடாதுங்கிறது விதி சார்."

"அப்படின்னா நான் இன்னொரு தடவை படிக்கணும்."

படித்தார். ஓர் எழுத்துக்கூட மாறாத அதே கட்டுரைக்கு இதழுக்கு இன்னொரு மதிப்பீடு போயிற்று. முதலாவதில் துணிச்சல் என்றிருந்தது இதில் அடக்கமின்மை. முதலாவதில் நடுநிலை, இதில் பக்கச்சார்பு. இதழ்க்காரர்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். நாற்காலி தம்பிக்குப் போயிற்று.

அவளுக்கு வயிறு எரிந்தது. தராசை நினைத்துக்கூட அல்ல, அந்த மனிதர் என்றைக்கும் அப்படித்தான். குனிந்த அந்தத் தலைதான் கண்ணை விட்டுப் போகவில்லை.

பதவியேற்ற மறுவாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் தம்பி அவள் அறைக்கு வந்தான்.

"என் மேல கோபமா அக்கா? நான் ஆமான்னு சொல்லவே இல்லையே."

"இல்லன்னும் சொல்லலையே."

"சார் முன்னாடி எப்படிக்கா சொல்றது?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அதை விடுங்க, ஒரு யோசனை. உங்க கருத்து வீணாப் போகக் கூடாது. சாருக்குப் பாராட்டு மலர் போடறோம்ல, அதுல அதை நானே எழுதிடறேன். நான் சொன்னா சாரும் ஒத்துக்குவாரு. அடிக்குறிப்புல கண்டிப்பா உங்களுக்கு நன்றி போட்டுடறேன். மலருக்குச் சொல்லடைவு மட்டும் நீங்க செஞ்சு கொடுத்தீங்கன்னா..."

அவன் முகத்தில் கள்ளமே இல்லை. நிஜமாகவே உதவி செய்வதாகத்தான் நினைத்திருந்தான். பேசிக்கொண்டே பழக்க தோஷத்தில் அவன் கை டப்பாவை நோக்கி நீண்டது.

அவள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து மூடினாள்.

"ரெண்டாயிரம் வருஷமா அவ பேர் இல்லாமக் கெடந்தா. இன்னும் கொஞ்ச நாள் அப்படியே கெடக்கட்டும். உன் பேர்ல அவ வெளிய வர வேண்டாம்."

"அக்கா..."

"மேடம்னு கூப்பிடு. நீ தலைவர்."

அவன் எழுந்து போன பிறகு டப்பாவைத் திறந்தாள். பழக்கத்தில் அன்றைக்கும் இரண்டு பேருக்குத்தான் கொண்டு வந்திருந்தாள்.