முதுகில் ஒரு துண்டு

கனடாவின் வினிபெக் நகரக் குளிரைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது மிண்டாவின் எண்ணம். இருபது வருஷமாக அந்த ஊரில் குப்பை கொட்டுகிறவள் ஆயிற்றே. பிலிப்பைன்ஸிலிருந்து எந்தக் குடும்பம் புதிதாக வந்து இறங்கினாலும் பழைய கோட்டு, பூட்ஸ், கையுறை எல்லாம் மூட்டை கட்டிக் கொடுப்பாள். கூடவே புத்திமதியும் உண்டு. அது எப்போதும் ஒன்றேதான்: இன்னொன்று போட்டுக்கொள்.

அவளுடைய சொந்தத் தம்பி ஆர்செனியோ நவம்பரில் வந்து சேர்ந்தான். சொந்த ஊரான இலோய்லோவில் ஜீப்னி என்கிற சின்ன பஸ் ஓட்டியவன். பெண்டாட்டி எடிதாவும் சின்ன மகளும் கூட வந்தார்கள். மிண்டா சமையல் பார்க்கும் முதியோர் இல்லத்தில் பனி அள்ள ஆள் தேவைப்பட்டது. மேஸ்திரி ஒரெஸ்ட் முதலில் முடியவே முடியாது என்றார். போன வருஷம் மிண்டா சிபாரிசு செய்த ஆள், கடுங்குளிர் வந்த முதல் நாளே மண்வெட்டியைப் பனியில் குத்திவைத்துவிட்டுப் போனவன் போனவன்தான். இவன் என் ரத்தம், ஓடமாட்டான் என்று மிண்டா அடித்துச் சொன்னாள். சரி, பனி உருகும்வரை நிற்கட்டும், நின்றால் வேலை நிரந்தரம் என்றார் ஒரெஸ்ட். நிற்காவிட்டால் தம்பி குடும்பத்தோடு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். மிண்டாவின் வாக்குக்கும் அப்புறம் அந்த இடத்தில் காலணா மதிப்பு இருக்காது.

டிசம்பரில் மைனஸ் முப்பது வந்தது. மிண்டா காலையிலேயே தம்பி வீட்டுக்குப் போய் நின்று, அவனுக்குக் கம்பளி உள்ளாடை, சட்டை, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே தடித்த கோட்டு என்று ஏற்றினாள். கையை மடக்க முடியாமல் அவன் வேலைக்குப் போனான். மத்தியானம் சமையலறைக்குள் வந்தபோது தாடை கிடுகிடுவென்று ஆடியது. சூப்புக் கிண்ணத்தைப் பிடிக்க முடியவில்லை. மிண்டா மறுநாள் இன்னொரு ஸ்வெட்டர் ஏற்றினாள். நடுக்கம் கூடியது. அதற்கும் மறுநாள் அடுப்போரம் உட்கார்ந்து அவன் சொல்லிவிட்டான்.

"என்னால ஆகாதுக்கா. டிக்கெட் போட்டுடு. கோவிச்சுக்காத."

மிண்டா தரப்பிலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவளுக்குத் தெரிந்த குளிர் காரிலிருந்து சமையலறைக் கதவுவரை உள்ள குளிர்தான். அதில் நின்று உடம்பு நோக வேலை செய்யும் அவசியம் அவளுக்கு வந்ததே இல்லை.

அன்று சாயங்காலம் எடிதா புருஷனின் உள்சட்டையைத் துவைக்க எடுத்தாள். வேர்வையில் ஊறி, பிழிந்தால் சொட்டும்போல் இருந்தது. காலையில் மிண்டா வந்தபோது ஸ்வெட்டர்களில் பாதி கட்டிலில் கிடந்தன. எடிதா ஒரு சின்னத் துண்டை மடித்து ஆர்செனியோவின் முதுகுக்கும் சட்டைக்கும் நடுவே செருகிக்கொண்டிருந்தாள். விளையாடப் போகும் மகளுக்குத் தினமும் செய்வது. அவர்கள் ஊரில் செய்யாத தாய் கிடையாது. முதுகில் வேர்வை காய்ந்தால் சளி பிடிக்கும் என்று பயம். துண்டின் நுனி வெள்ளையாகக் காலருக்கு மேலே எட்டிப் பார்த்தது.

மிண்டாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அவளுடைய பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று துண்டைக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டு வந்தார்கள். அன்றோடு அவளும் அந்தப் பழக்கத்தை விட்டவள்.

"நாப்பது வயசு ஆம்பளைக்கு முதுகுல துண்டா? என் மானத்த வாங்கணும்னே வந்தீங்களா? இருக்கற ஸ்வெட்டரையும் கழட்டிட்டியே, செத்துப்போவான்."

எடிதா துண்டை நீவிவிட்டபடியே பதில் சொன்னாள். "எனக்குக் குளிரு தெரியாதுக்கா. வேர்வை தெரியும்."

காய்ந்த துண்டுகள் இன்னும் சிலவற்றை அவன் கோட்டுக்குள் திணித்து அனுப்பினாள். ஈரமாக ஆக, கொதிகலன் அறைக்குப் போய் உருவி, குழாய்மேல் காயப்போட்டுவிட்டு வேறொன்றைச் செருகிக்கொள்ள வேண்டும். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள்தான். பாப்பாவுக்குப் பால் குடுத்தாச்சா என்றுகூட ஒருத்தன் கேட்டான். ஆர்செனியோ காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மத்தியானம் சூப்பை முழுசாகக் குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டான்.

ஒரெஸ்ட் சிரிக்கவில்லை. அவன் காலருக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தார்.

"எங்கப்பா காட்டுல மரம் வெட்டுனவரு. குளிர்ல வேர்க்க விட்டா எங்களுக்கு அடி விழும், அந்த ஈரம்தான் ஆள உறைய வைக்கும்னு. உன் தம்பிக்கு இத யாரு சொல்லிக் குடுத்தது?"

நான்தான் என்று சொல்ல மிண்டாவுக்கு நாக்குத் துடித்தது. ஆனாலும் நியாயம் தெரிந்தவள். "அவன் பெண்டாட்டி," என்றாள்.

பிப்ரவரியில் ஒரு பனிப்புயல் வந்தது. பஸ் ஓடவில்லை. பனி அள்ளுகிறவர்களில் ஒருத்தரும் வரவில்லை, சாலையோரமாகவே நடந்து வந்து சேர்ந்த ஆர்செனியோவைத் தவிர. மாடியில் ஒரு கிழவருக்கு மூச்சு முட்டுகிறது, ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, வாசலிலோ இடுப்பளவு பனி. ஒரெஸ்ட் ஒரு மண்வெட்டியை எடுத்தார். மிண்டா ஏப்ரனைக் கழற்றி வீசிவிட்டு, வழக்கம்போல் இருக்கிற எல்லா ஸ்வெட்டரையும் மாட்டிக்கொண்டு இன்னொரு மண்வெட்டியை எடுத்தாள்.

அன்றைக்குத் தம்பி வேலை செய்ததை அவள் முதல்முறையாகப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவசரமே இல்லை. ஒரே சீராக அள்ளினான், வேர்க்கப்போகிறது என்றால் வேகத்தைக் குறைத்தான், நிறுத்த மட்டும் செய்யவில்லை. வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்தவனை அந்தக் காற்று அசைக்க முடியவில்லை. எத்தனை அழகாக நிற்கிறான் என் தம்பி என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆம்புலன்ஸ் வாசல்வரை வந்து கிழவரை ஏற்றிக்கொண்டு போனது.

அப்புறம்தான் மிண்டாவுக்கு நடுக்கம் பிடித்தது. உள்ளே எல்லாம் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பல் தந்தியடிக்க, வாசற்கதவுக்கு உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆர்செனியோ தன் கோட்டுக்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்தான். அவன் உடம்புச் சூடு அதில் இருந்தது.

"குனிக்கா."

அவள் குனிந்தாள். இலோய்லோவில் பள்ளிக்கூட மணலில் ஓடும் இவனைத் துரத்திப் பிடித்து, நெளிய நெளிய முதுகில் துண்டு செருகியது அவள்தான். அவள் அதை மறந்தே போயிருந்தாள். அவன் மறக்கவில்லை. மிண்டாவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

ஒரெஸ்ட் பூட்ஸை உதறிக்கொண்டே உள்ளே வந்தார். "பனி உருகட்டும்னு சொன்னேன்ல? வேணாம். வேலை இவனுக்குத்தான்."

மிண்டா நிமிர்ந்து நன்றி சொல்லப் பார்த்தாள். முடியவில்லை. தம்பி இன்னும் அவள் காலருக்கு மேலே தெரிந்த நுனியை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"நாளைக்கு ரெண்டு ஸ்வெட்டரக் கழட்டிட்டு வாக்கா," என்றான்.