ஒரு வரி கீழே

கையால் திருப்ப முடியாத பெரிய வால்வுகளின் தலையில் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதற்குள் காற்றை விட்டால் அது வால்வின் தண்டைப் பிடித்துத் திருப்பும், உள்ளே இருக்கிற உருண்டை கால்வட்டம் சுற்றிக் குழாயை அடைக்கும். ஆக்சுவேட்டர் என்று பெயர். ஆலைக்காரர்கள் வாயில் வெறும் பெட்டி. எந்த வால்வுக்கு எந்தப் பெட்டி என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பதுதான் அக்காவின் வேலை. பதினான்கு வருடமாக அதே மேசை, அதே ஆடுகிற நாற்காலி.

சின்னப் பெட்டி போட்டால் வால்வு அசையாது. பெரிய பெட்டி போட்டால் தண்டு முறுக்கிக்கொண்டு ஒடியும். நடுவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் மனிதர்கள் நிற்க விட்டால்தானே! இந்த வால்வைத் திருப்ப இவ்வளவு பலம் வேண்டும் என்று வால்வு செய்கிறவர் ஓர் எண் சொல்வார். அதைத் தாளில் எழுதுகிற ஆலைக்காரன் எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூட்டுவான். அவன் மேலதிகாரி தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம். அதனால் தாள் வந்ததும் அக்கா முதலில் போனைத்தான் எடுப்பாள். "சார், இது வால்வுக்காரர் சொன்ன நம்பரா, இல்ல உங்க பயத்தையும் சேர்த்த நம்பரா?" என்று பட்டென்று கேட்பாள். உண்மையான எண்ணைக் கறந்த பிறகு அதில் கால் பங்கு கூட்டுவாள். அதற்கு மேல் இம்மியும் கூட்டமாட்டாள். அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே கறார்.

அப்பேர்ப்பட்ட கறார், ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டாள். அந்த ஆள் அவள் தம்பி.

தம்பி ஒரு ரசாயன ஆலையில் ஃபிட்டர். அம்மா வேலைக்குப் போன நாட்களிலெல்லாம் அக்காவின் இடுப்பில் வளர்ந்தவன். அவன் பகுதியில் கொதிக்கக் கொதிக்கக் காஸ்டிக் ஓடும் ஒரு குழாய் உண்டு; உடம்பில் பட்டால் அரித்துவிடும் காரம் அது. சூடு ஆறினால் காஸ்டிக் கட்டி தட்டி வால்வையே கவ்விக்கொள்ளும். அந்தக் குழாய்க்குப் புது வால்வு, புதுப் பெட்டி. தாளை நிரப்பி அனுப்பியவன் தம்பிதான்.

"அக்கா, தாளு வந்துச்சா?"

"வந்துச்சுடா. உன் கோழிக்கிறுக்கலைப் படிக்கவே தனியா ஒரு ஆள் வைக்கணும் போல."

"கிண்டல் போதும். பெட்டி மட்டும் மக்கர் பண்ணாம பார்த்துக்கோ. அப்புறம் ஒவ்வொருத்தனும் என் மூஞ்சியைத்தான் பார்ப்பான், உங்க அக்கா கொடுத்த பெட்டியாச்சேன்னு."

தாளில் ஐநூற்று இருபது என்று எழுதியிருந்தது. கால் பங்கு கூட்டினால் அறுநூற்று ஐம்பது. அக்கா பேனாவை வைத்துவிட்டு யோசித்தாள். வால்வு பாதியில் நின்றுபோனால் பைப் ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடப்போவது யார்? அவன்தான். மனசு கேட்கவில்லை. கால் பங்கை அடித்துவிட்டு அரைப் பங்கு கூட்டினாள். எழுநூற்று எண்பது வந்தது; பட்டியலில் அறுநூற்று ஐம்பதுக்கு அடுத்த வரியில் இருந்த எண்ணூறு பெட்டியை எடுத்தாள்.

எண்ணூறு என்பது காற்று குறைவாக வரும்போது பெட்டி தருகிற பலம். காற்று முழுசாக வந்தால் அதே பெட்டி ஆயிரத்து இருநூறு தரும். வால்வின் தண்டு தாங்குவதோ ஆயிரம். அது அவள் கண்ணில் படாமல் இல்லை. உருண்டை சிக்கினால்தானே மொத்தப் பலமும் தண்டின் மேல் விழும், இவ்வளவு பலமான பெட்டியின் முன்னால் எது சிக்கப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வேறு யாராவது அப்படி எழுதிக் கொண்டுவந்திருந்தால் தாளை முகத்தில் விட்டெறிந்திருப்பாள். பாழாய்ப்போன பாசம், கையெழுத்துப் போட வைத்துவிட்டது.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒன்பதாவது மாதம் ஒரு பம்பைக் கழற்றுவதற்காக அந்த வால்வை மூடச் சொன்னார்கள். காஸ்டிக் கட்டி உருண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பெட்டி முழுப் பலத்தோடு திருப்பியது. உள்ளே தண்டு ஒடிந்தது. ஒடிந்த மேல்பாதியோடு பெட்டி சுகமாகச் சுற்றி முடித்தது, தலையில் இருந்த முள்ளும் சுற்றி 'மூடியது' என்று காட்டியது. உருண்டை அசையவே இல்லை. தம்பி முள்ளைப் பார்த்தான். விதிப்படி வடிகுழாயைத் திறந்தும் பார்த்தான். அதுவும் கட்டி அடைத்திருந்ததால் ஒரு சொட்டுகூட வரவில்லை. குழாய் காலி என்று நம்பி போல்ட்டைத் தளர்த்தினான். முகத்தில் போட்டிருந்த கவசத்தின் அடியில் புகுந்து காஸ்டிக் இரண்டு கண்ணையும் கொண்டுபோயிற்று. முப்பத்தொரு வயது.

அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். உடன்பிறந்தவளின் அழுகை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆலையில் பழியைத் தூக்கி வால்வுக்காரர் தலையில் போட்டார்கள். தண்டு மட்டமான இரும்பாம். அவருக்கு இருந்தது ஒரே பட்டறை, ஒன்பது ஆட்கள், அந்த ஆலையை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் காலை அந்த மனிதர் ஒரு பழைய ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அக்காவின் மேசைக்கு வந்து நின்றார்.

"உங்க தம்பிக்கு இப்படி ஆயிருக்கு, உங்ககிட்ட வந்து நிக்கவே கூச்சமா இருக்கும்மா. ஆனா என் தண்டு மட்டம் இல்ல. நான் கொடுத்த பேப்பரை நீங்களே பாருங்க."

பார்த்தாள். வால்வைத் திருப்ப வேண்டிய பலம் நானூறு என்று இருந்தது. அவள் இழுப்பறையில் இருந்த தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஐநூற்று இருபது. தம்பியின் கோழிக்கிறுக்கல்.

அந்த எண்ணை ஏன் ஏற்றினான் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அக்கா கொடுத்த பெட்டி தடுமாறியது என்று எவனும் பேசிவிடக் கூடாது, அவ்வளவுதான். அவளும் கூட்டினாள், அவனும் கூட்டியிருக்கிறான். அவன் நானூறு என்றே எழுதி, அவள் அரைப் பங்கு கூட்டியிருந்தால் முழுக் காற்றிலும் தொள்ளாயிரம். அவன் ஐநூற்று இருபது எழுதியும் அவள் வழக்கம்போலக் கால் பங்கோடு நின்றிருந்தால் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து. இரண்டில் எது ஒன்று மட்டும் நடந்திருந்தாலும் தண்டு தாங்கியிருக்கும், முள் அசையாமல் நின்று காட்டிக்கொடுத்திருக்கும், பையன் கண்ணோடு வீட்டுக்கு வந்திருப்பான். அடக் கடவுளே, ஒரே ஒரு போன்! ஊர் பேர் தெரியாதவனிடமெல்லாம் கேட்கிற கேள்வியை இவனிடம் கேட்காமல் போனாளே!

வால்வுக்காரர் இரண்டு தாளையும் பார்த்தார். அவரும் பழம் தின்று கொட்டை போட்டவர்தான்.

"அண்ணே, உங்க மேல தப்பில்லைன்னு நான் எழுதிக் கொடுத்துடறேன். இந்த நானூறு பேப்பரை மட்டும் யார்கிட்டயும் காட்டாதீங்க."

அவர் தன் பேப்பரை எடுத்து ஃபைலில் வைத்தார். "எனக்கும் தம்பி இருக்கான்மா" என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடிக்கொண்டு போனார்.

அன்று மதியமே தம்பி மனைவி போன் செய்தாள். அவனை வீட்டுக்குக் கூட்டி வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"அண்ணி, ஒரு நடை வந்துட்டுப் போங்களேன். எனக்குப் பயமா இருக்கு. பொட்டுத் தூக்கம் இல்ல. நானூறு, ஐநூத்தி இருபதுன்னு எதையோ சொல்லிச் சொல்லித் தொடையில அடிச்சுக்கிறாரு. நேத்து மொட்டை மாடிக்கு எத்தனை படின்னு கேட்டாரு."

அக்கா போனை வைத்த கையோடு தன் கணக்குத் தாளைக் கிழித்தாள். புதுத் தாளில் ஐநூற்று இருபது எழுதி, கால் பங்கு கூட்டி, அறுநூற்று ஐம்பது எழுதினாள். அதன் கீழே எண்ணூறு பெட்டி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேலாளர் அறைக்குப் போய், "பட்டியல்ல ஒரு வரி கீழ பார்த்துட்டேன் சார். பெட்டி பெருசாப் போச்சு. தண்டு மேல தப்பில்ல" என்று நீட்டினாள். கறாரா இப்படி என்று அவர் வாயைப் பிளந்தார்.

வீட்டில் தம்பி ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். செருப்புச் சத்தத்திலேயே கண்டுகொண்டான்.

"அக்கா, உட்காரு. உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். பொய் சொல்லாம சொல்லணும்."

"கேளுடா."

"வால்வுக்காரர் நானூறுன்னுதான் கொடுத்தாரு. நான்தான் ஏத்தி எழுதினேன். உன்கிட்ட சொல்லல. அதனாலதான் பெட்டி பெருசாச்சா? என் கண்ணை நானே குத்திக்கிட்டேனா?"

அவன் மனைவி கதவோரம் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

உனக்காக நானும் கூட்டினேன்டா என்று சொல்லிக் கட்டிக்கொண்டு அழ அக்காவின் உடம்பெல்லாம் துடித்தது. சொன்னால் எவ்வளவு கூட்டினாய் என்று கேட்பான். கேட்டால் நொடியில் கணக்குப் போட்டுவிடுவான், அதில் அவன் புலி. பாதிக் காரணம் தான் ஏற்றிய எண் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் மாடிப்படி.

"இல்லடா. நீ ஏத்தினதால ஒண்ணும் ஆகல. ஐநூத்தி இருபதுக்கு அறுநூத்தி ஐம்பது பெட்டி எடுக்கணும். பட்டியல்ல ஒரு வரி கீழ இறங்கி எண்ணூறை எடுத்துட்டேன்."

அவன் உதடு முணுமுணுத்தது. கணக்குப் போடுகிறான். "அறுநூத்தி ஐம்பது... முழுக் காத்துல தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு. தண்டு ஆயிரம். தாங்கியிருக்கும்."

"தாங்கியிருக்கும்."

"அப்போ என் நம்பரால இல்ல."

"உன் நம்பரால இல்லவே இல்ல."

நெஞ்சில் இருந்ததையெல்லாம் இறக்கி வைத்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டான். பிறகு மெல்ல மெல்ல அவன் முகம் மாறியது. அவன் சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்து அவள் பார்த்து வரும் கோப முகம் அது. அது தன் பக்கம் திரும்பி அவள் பார்த்ததே இல்லை.

"என் தாளுன்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும்."

"நான் நிக்கிற இடம்னு தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சரி பார்க்கல? ஊர்ல இருக்கிறவன் தாளையெல்லாம் பூதக்கண்ணாடி வச்சுப் பார்ப்பியே. என்னோடதை ஒரு தடவை திருப்பிப் பார்க்க உனக்கு நேரம் இல்லையா?"

"அன்னைக்கு வேலை ஜாஸ்திடா. கவனிக்கல."

"கவனிக்கலையா!" அவன் குரல் உடைந்தது. "நான் உன் பேரு கெடக் கூடாதுன்னு நினைச்சேன்க்கா. நீ என்னைக் கவனிக்கவே இல்ல. எந்திரிச்சுப் போ. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத."

தம்பி மனைவி வாசல் வரைக்கும் வந்தாள். "உங்களை இதுக்கா அண்ணி வரச் சொன்னேன்?" என்றாள். அந்தப் பெண்ணிடமாவது ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் போலிருந்தது. இரண்டு பேருக்குத் தெரிந்தால் என்றாவது ஒரு நாள் மூன்றாவது ஆளுக்கும் தெரிந்துவிடும். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

ஒரு வாரம் கழித்து தம்பி மனைவியே போன் செய்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். அக்கா அப்போது கிடங்கில், நட்டு எண்ணுகிற மேசைக்கு மாற்றப்பட்டிருந்தாள்.

"அன்னைக்கு நீங்க போனதும் படுத்தவருதான் அண்ணி, மறுநாள் காலையில எட்டு மணிக்குத்தான் எந்திரிச்சாரு. இப்பல்லாம் நல்லாத் தூங்குறாரு. கோல் வச்சு நடக்கக் கத்துக்கொடுக்கிற இடம் எங்க இருக்குன்னு கேட்கிறாரு. உங்க பேரை எடுத்தா மட்டும்தான் கத்துறாரு. நீங்க இனிமே வராதீங்க அண்ணி. தப்பா எடுத்துக்காதீங்க."

"வரல. அவன் தூங்கட்டும்மா" என்றாள் அக்கா. போனை மேசைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் ஆட்கள் இருப்பதையும் பார்க்காமல் வாய்விட்டு அழுதாள்.