பொய் ஜன்னல்

இங்கிலாந்தில், கிளாஸ்டர்ஷயரில் எங்கள் ஹேஸல்காட் வீட்டை வாசலில் நின்று பார்க்கிறவர்கள் மயங்கிப்போவார்கள். வலது பக்கம் எத்தனை ஜன்னலோ இடது பக்கமும் அத்தனை. அதில் ஒன்று பொய். சுவரில் கறுப்புச் சாயம், அதன்மேல் வெள்ளைக் கோடுகளில் சட்டம், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் உள்ள இருட்டறையில்தான் என் கணவர் லயனல், போன குளிர்காலத்தில் ஒரு பக்கம் கை கால் விழுந்ததிலிருந்து, படுத்திருக்கிறார்.

"வேற ரூமே இல்லையா?" என்று கேட்காத ஆளில்லை. அவரால் மாடி ஏற முடியாது. கீழே வெளிச்சமான அறைகளில் எல்லாம் மேலிருந்து ஒழுகி, வாளிகள்தான் குடியிருக்கின்றன. சமையலறையை ஒட்டிய இந்த ஒன்றுதான் கதகதப்பாக இருக்கிறது. நிலக்கரி முற்றத்தைப் பார்த்து ஒரு முகம் அளவுக்குச் சின்னத் திறப்பு உண்டு. பொய் ஜன்னலை நிஜமாக்கிவிட்டால் கட்டிலிலிருந்தே ஏரி தெரியும். அவருக்கு அது வேண்டும். அவரைவிட எனக்கு வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று பெயர். ஆணி அடிக்கக்கூட கவுன்சிலைக் கேட்க வேண்டும். மாதக்கணக்கில் நடையாய் நடந்த பிறகு மிஸ் பாஜெட் என்ற அதிகாரி வந்தார்.

"மூடின ஜன்னலா இருந்தா, மறுபடி திறக்க அனுமதி கிடைக்கலாம்."

"மூடினதுதாங்க! ஜன்னல் வரி!" என்றேன்.

அந்தக் காலத்தில் ஜன்னலை எண்ணி வரி போட்டார்கள்; கஞ்சர்கள் செங்கல் வைத்து அடைத்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் ஒப்பிக்கும் கதை இது. கம்பளி வியாபாரி கட்டினான். ஜமைக்காவில் அடிமைகளின் உழைப்பில் கொழுத்த சர்க்கரைக்காரன் கல் முகப்பு வைத்தான். அவன் பேரன் சீட்டாட்டத்தில் வீட்டைத் தோற்றான். பீர் காய்ச்சுகிறவன் வாங்கி, வரிக்குப் பயந்து ஜன்னலை அடைத்தான். போரின்போது ராணுவம் புகுந்து மாடிப்படிக் கைப்பிடியை விறகாக்கியது. கடைசியில் லயனலின் தாத்தா வாங்கி ஏமாந்தார்.

மிஸ் பாஜெட் உள்சுவரில் கொஞ்சம் பூச்சை உதிர்க்கச் சொன்னார். லயனல் கட்டிலிலிருந்தே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கம்பளி வியாபாரியின் செங்கல், வரிசை கலையாமல், நடுவில் ஒரு ஓக் மரத் தூணோடு இருந்தது.

"இங்க ஜன்னலே இருந்ததில்ல, மிஸஸ் ஹார்க்ரேவ். பழைய வீட்டு முன்னாடி புது முகப்பை ஒட்டவெச்சிருக்காங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியணும்னு இதை வரைஞ்சிருக்காங்க."

"இல்லாட்டி என்ன? இப்ப ஒண்ணு வெச்சுக்கறேன்."

"முகப்பு மொத்தமும் பாதுகாப்புல இருக்கு. பொய் ஜன்னல் பொய்யாவேதான் இருக்கணும்."

"உள்ள ஒரு மனுஷன் கிடக்கறாரே, அவர் எந்தப் பாதுகாப்புல வர்றார்?"

மிஸ் பாஜெட் தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். கெட்டவர் இல்லை, கண் கலங்கித்தான் இருந்தது. அதனால் எனக்கு என்ன லாபம்? இத்தனை வருஷம் பெருமையாகச் சொன்ன கதையே என் காலை வாரிவிட்டது. ஆத்திரத்தில் கெட்டிலை அடுப்பில் வைத்த வேகத்தில் அதன் கைப்பிடி கழன்று கையோடு வந்தது.

அத்தோடு விட்டார்களா? அடுத்த மாதமே கவுன்சிலிலிருந்து உத்தரவு வந்தது: பொய் ஜன்னலின் சாயம் உதிர்கிறது, உடனே புதுப்பிக்கவும்.

பெயிண்டர் நெவில் வந்து ஏணியைச் சாத்தினான்.

"வெளிய என்ன சத்தம்?" என்றார் லயனல்.

"உங்க ஜன்னலுக்கு பெயிண்ட் அடிக்கறாங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். ஒரு பக்க வாயால்தான் சிரிக்க முடிகிறது. "திறந்து வெச்ச மாதிரி வரையச் சொல்லு, மார்ஜரி."

போய்ச் சொன்னேன். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன்.

"முடியாது மேடம். முன்னாடி இருந்தபடியே, மூடினதாத்தான் வரையணும்னு உத்தரவு," என்று பிரஷ்ஷை நனைத்தான் நெவில். ஏணியை எட்டி உதைக்கலாம்போல இருந்தது.

உள்ளே வந்தேன்.

"திறந்துதான் வரையறான்," என்றேன்.

லயனல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதான் குளிருது," என்றார்.

கம்பளியை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.