இலுப்பையில் அடித்த ஆணி

பிளேடு மறுபடியும் கீழே இறங்கிவிட்டது. நேராக வரவேண்டிய நிலைக்கால் நடுவில் குழிந்து வந்தது. என் வீட்டுக்காரர் பூமிநாதன் இன்ஜினை நிறுத்திவிட்டு, தப்பெல்லாம் மரத்தினுடையது என்பதுபோல் அதை ஒரு உதை உதைத்தார். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி ஊர் ஊராக இழுத்துப்போகும் இந்த அறுப்பு மெஷினை வாங்கிய நாளிலிருந்து எங்கள் ஊர் போலகத்தில் அவர் பெரிய இன்ஜினியர். காலையில் பிளேடு தளர்ந்திருக்கிறது என்று திருகி முறுக்கினார். பிறகு பிசின் ஒட்டியிருக்கிறது என்று டீசல் ஊற்றித் துடைத்தார். அதற்கும் மசியாததால் கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் நறுக்கிச் சக்கரத்தில் தேய்த்தார். யோசனைக்கு அவரிடம் பஞ்சமே கிடையாது, உருப்படியாக ஒன்று இருக்காது, அவ்வளவுதான்.

பற்களைக் குனிந்து பார்க்க மட்டும் தோன்றவில்லை. நான் பார்த்தேன். கீழே சாய்ந்த பற்கள் கூராக இருந்தன, மேலே சாய்ந்தவை மழுங்கிக் கிடந்தன. இரும்பில் உரசியிருக்கிறது. கூர் இருக்கிற பக்கம்தானே பிளேடு ஓடும்.

அது என்ன இரும்பு என்றும் எனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் நான் இவரோடு பேசவில்லை. பேச என்ன இருந்தது? எனக்குப் பேய் பிடித்திருப்பதாக மாமியார் லோகாம்பாள் முடிவுகட்டி, பூசாரியை வரவழைத்து, என் உச்சிமுடியைக் கொத்தாக அறுத்து, களத்துமேட்டு இலுப்பையில் வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். சுத்தியல் பிடித்தவர் இவர். போன புயலில் அந்த மரம் சாய்ந்தது. பட்டை மூடியதும் ஆணியை மறந்துவிட்ட மனுஷன் அதையே வீட்டு நிலைக்கு அறுக்கிறார்.

வெள்ளிக்கிழமை கோவில்பத்தில் நாங்கள் தனியாகக் கட்டும் வீட்டுக்கு நிலை வைக்க நாள் குறித்திருந்தது. தவறினால் ஆடி பிறந்துவிடும், அப்புறம் லோகாம்பாளின் அடுப்படியிலேயே நான் கிடக்கவேண்டியதுதான். மிச்சம் இருந்தது ஒரே பிளேடு. அதை மாட்டி இன்ஜினைத் தொடப் போனவருக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"கொஞ்சம் இருங்க. உள்ள ஆணி இருக்கு."

"யாரு சொன்னா?"

"நீங்க அடிச்சதுதான். என் முடிய வச்சு."

அவர் முகம் செத்துவிட்டது. "அப்ப வாணாம். அம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"கேளுங்க. நெலைக்குப் பதிலா அவுங்களையே நிக்க வைங்க."

"வெளயாடாத அஞ்சுகம். ஆணிய எடுத்தா அது வெளில வந்துருமே."

"இத்தன வருசமா ஒங்களோட குடும்பம் நடத்துறது யாருன்னு நெனச்சீங்க?"

நானே உளியை வைத்துத் தட்டி, பிளேடு உரசிய இடத்தைக் குடைந்து, ஆணியைக் கெல்லி எடுத்தேன். துருவோடு துருவாக என் முடி சுற்றியிருந்தது, இன்னும் கருப்பாக. முந்தானையில் முடிந்துகொண்டு, "ஓட்டுங்க" என்றேன்.

பிளேடு நூல் பிடித்த மாதிரி போனது. தான் திருகிய திருகில்தான் சரியானது என்று நாளைக்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார், சொல்லட்டும். ஆனால் ஒவ்வொரு தடவை மரத்தைப் புரட்டும்போதும் என் முந்தானை முடிச்சைப் பார்த்துக்கொண்டு, என் கிட்டே வராமல் மெஷினைச் சுற்றி அந்தப் பக்கமாகவே போனார்.