சுவரை மூட ஒரு காற்று

தொல்லியல்காரி என்றால் மண்ணைத் தோண்டுகிறவள் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. நானோ மணல் கொடுங்கள், மணல் கொடுங்கள் என்று நாயாய் அலைந்தேன்.

எங்கள் ஆற்றங்கரை மேட்டில் பழங்கால வீடொன்றின் மண்சுவர் இருக்கிறது. முழங்கால் உயரம்தான். பூச்சு ஈரமாக இருந்தபோது ஏதோ ஒரு குழந்தை கையை வைத்து அழுத்தியிருக்கிறது. ஐந்து விரலும் அப்படியே பதிந்திருக்கின்றன. முன்பெல்லாம் வெள்ளம் வந்து கரையில் மணலைக் கொட்டிவிட்டுப் போகும். காற்று அதை அள்ளி மேட்டை மூடும். அணை கட்டியதும் வெள்ளம் நின்றது, மணலும் நின்றது. காற்று மட்டும் நிற்கவில்லை. இருந்த மணலையும் உருவிச் சுவரை வெளியே போட்டது. மழைநீர் அறுத்த பள்ளமும் சுவருக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. இன்னொரு மழைக்காலம் தாங்காது. மறுபடி மணல் மூடினால்தான் பிழைக்கும்.

அந்த அணையில் இன்ஜினியர் யார் தெரியுமா? சாட்சாத் என் அக்கா.

“உன் அணைதான்க்கா என் மணலைத் திருடி வச்சிருக்கு.”

“ஆமாடி, முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன். வந்து அவுத்துக்கோ.”

வாய்தான் அப்படி. அலுவலகத்தில் அத்தனை பேரிடமும் மல்லுக்கு நின்று, அணைக்குக் கீழே ஆற்றடியில் கிடக்கும் மணலைக் கிளப்ப, மழைக்கு முன்னால் ஒரு வெள்ளம் விட அனுமதி வாங்கிவிட்டாள்.

“ஆனா மூடுறதுக்கு முன்னாடி அந்தக் கைய எனக்குக் காட்டணும். போட்டோ கீட்டோன்னு ஏமாத்தக் கூடாது, நேர்ல பாக்கணும்” என்றாள். சரி என்றேன்.

மூன்று நாள் ஷட்டர்கள் திறந்திருந்தன. தண்ணீர் வடிந்ததும் பார்த்தால், மேட்டுக்குக் கீழே பெரிய மணல் திட்டு! குதியாய்க் குதித்தேன். ஆனால் காற்று? ஊஹூம், ஒரு இலை அசையவில்லை. மழைமேகம் மட்டும் தூரத்தில் கூடிக்கொண்டே வந்தது. பாழாய்ப்போன காற்றை நான் திட்டாத திட்டு பாக்கியில்லை.

அக்கா லீவு போட்டு வந்து இறங்கிய அன்றைக்குப் பார்த்துத்தானா அது பேய் மாதிரி கிளம்ப வேண்டும்! திட்டில் உலர்ந்திருந்த மணல் எழும்பி வந்து, மணலைத் தடுத்து நிறுத்த என் ஆட்கள் சுவரைச் சுற்றி நட்டிருந்த ஓலைத் தட்டிகளில் மோதி, சுவர்மேல் மளமளவென்று விழுந்தது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நாங்கள் ஓடிச் சேர்வதற்குள் சுவர் முழுதாக மூடிவிட்டது.

“இதுக்குள்ளயாடி அந்தக் கை?” என்றாள் அக்கா. அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. பெற்ற வெற்றியெல்லாம் எனக்குக் கசந்துவிட்டது.

“ரெண்டே நிமிஷம்க்கா, மேலாகத் தள்ளிட்டுக் காட்டிடுறேன்” என்று பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்துக் குனிந்தேன்.

முதுகில் பொளேரென்று ஒன்று விழுந்தது.

“மூணு நாள் தண்ணி விட்டு வாங்கின மணலுடி இது! தொட்டே, கைய ஒடிச்சிருவேன்.” பிரஷ்ஷைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். “நின்னு என்னத்தப் பாக்குற? அங்க ஒரு தட்டி சாயுது, ஓடு!”