பிளெக்ஸில் வந்த பாதிப் பேச்சு

இலத்தூர் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கிய பரமசிவன் தன் முகத்தையே பார்த்தார். பன்னிரண்டு அடி பிளெக்ஸ். கல்லூரியில் எடுத்த பழைய போட்டோவை எங்கிருந்தோ பிடித்து, கன்னத்தில் ரோஸ் பூசியிருந்தார்கள். கீழே, ‘இந்த அதிர்வுகளுக்குக் காரணம் குவாரி அல்ல, பூமிக்கு அடியில் உள்ள பிளவு. சொல்வது நிலவியல் பேராசிரியர்.’ ஓரத்தில் கும்பிட்டபடி குவாரி முதலாளி. அவர் வேட்டிமேல் யாரோ துப்பிய வெற்றிலை எச்சில் காய்ந்திருந்தது.

பரமசிவன் சொன்னதுதான் அது.

மூன்று வாரமாக ஊர் அதிர்ந்துகொண்டிருந்தது. நாளைக்கு ஏழெட்டு முறை, அடுக்கிய பாத்திரம் கிணுகிணுக்கும் அளவுக்கு. குவாரியில் வெடி வைப்பது மதியம் ஒரு மணிக்கு, சங்கு ஊதிய பிறகு. இந்த அதிர்வு குவாரிக்கு லீவான ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அச்சன்கோவிலிலிருந்து செங்கோட்டைப் பக்கம் ஓடும் பழைய பாறைப் பிளவுதான் காரணம் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. குவாரி மேனேஜர் இசக்கிப்பாண்டி செல்போனை நீட்டிக் கேட்டபோது அப்படியே சொன்னார். சொல்லிவிட்டு, வழக்கம்போல நிறுத்தினார். வகுப்பிலும் அப்படித்தான், அவருடைய இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே பிள்ளைகள் ஒரு குட்டித்தூக்கம் போட்டுவிடுவார்கள். நிறுத்தி, பிறகு சொன்னார்: ‘அதனால்தான் இங்கே இனி ஒரு வெடிகூட வைக்கக் கூடாது. ஏற்கெனவே ஆடும் பாறை, சரிவோடு இறங்கிவிடும்.’

அந்த மௌனத்தில்தான் வெட்டியிருக்கிறார்கள். வெட்டுவதற்கு வசதியாக இடம் விட்டுக் கொடுத்தது அவரேதான்.

குவாரியை இன்னும் ஐந்து வருஷம் நடத்தலாமா என்று இன்றைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். பந்தலில் பிரியாணிப் பொட்டலங்களை அடுக்கியிருந்தார்கள். ஆறிப்போன நெய்வாடை அடித்தது. ஒரு கையில் பொட்டலமும் இன்னொரு கையில் எதிர்ப்பு மனுவுமாகச் சிலர் உட்கார்ந்திருந்தார்கள்.

சைதூன் பீவி மட்டும் வெறுங்கையோடு நின்றாள். சரிவுக்கு நேர்கீழே உள்ள ஆறு வீடுகளில் ஒன்று அவளுடையது.

“வாங்க சார்வாள். உங்க மூஞ்சியத்தான் வழியெல்லாம் பாத்துட்டு வாரோம்.”

“நான் சொன்னது அதோட...” என்று தொடங்கி நிறுத்தினார். சரியான சொல்லைத் தேடினார். அது வருவதற்குள் இசக்கிப்பாண்டி வந்து தோளில் கை போட்டான். கை பிசுபிசுத்தது.

“அண்ணாச்சி, முன்வரிசைல ஒக்காருங்க. உங்களுக்குத் தனி டிபன்பாக்ஸ் வச்சிருக்கேன். நீங்க சொன்னதுல ஒரு எழுத்தக்கூட நாங்க மாத்தல, பாத்தியளா?”

அதுவும் உண்மைதான். கையைத் தட்டிவிட்டு நேராக மைக்குக்குப் போனார்.

பிளவு, ஆடும் பாறை, சரிவு, ஆறு வீடு, வெடி கூடாது, பிளெக்ஸில் இருப்பது பாதிப்பேச்சு. எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினார். அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. கூட்டம் நடத்த வந்த அதிகாரியின் கிளார்க் பேனாவோடு திணறினார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க. சார் எழுதணும்லா” என்றான் இசக்கிப்பாண்டி, சிரித்தபடி.

பரமசிவன் நிறுத்தவில்லை. முதலிலிருந்து மறுபடி சொன்னார். கிளார்க் எழுதி முடித்த பக்கத்தை வாங்கி வாசித்து, இடைவெளி விட்டிருந்த இரண்டு இடத்தில் கோடிழுத்து நிரப்பி, கையெழுத்துப் போட்டார்.

இறங்கி வந்தபோது சைதூன் பீவி கேட்டாள். “இத அன்னைக்கே இப்படி ஒரே மூச்சுல சொல்லியிருக்கலாம்லா சார்வாள்?”

அவர் சரியான சொல்லைத் தேடினார். அவள் வெகுநேரம் காத்திருந்து பார்த்துவிட்டு நடந்தாள்.