ஆடுற சாமி

என் பெயர் நடராஜா. பெயரைத் தவிர ஆட்டத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கண்டி டவுனில் பாத்திரக் கடை வைத்திருந்தவன். கல்லாவுக்குப் பின்னால் நின்றே ஆயுசு போய்விட்டது. இந்த வயதில் சனிக்கிழமை தவறாமல் அம்பிட்டியவில் ஒரு மண்டபத்துக்குப் போய்க் கைதட்டிக்கொண்டு குதிக்க வேண்டுமென்று தலையில் எழுதியிருக்கிறது. எல்லாம் என் மனைவி இராஜகுமாரிக்காக.

அவளுக்கு ஞாபகம் நழுவுகிறது. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்துகொண்டு நிற்பாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டால் எனக்குத்தான் திட்டு விழும். ஆட்டமும் மூளைக்கு வேலையும் சேர்ந்தால் நல்லது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

மண்டபத்தில் பாட்டுப் போகும். வலது காலை வைக்கும்போது ஒரு பழத்தின் பெயர், இடது காலுக்கு ஒரு மரக்கறி. நடத்துகிற பிள்ளை பிரேமிளாவுக்கு நல்ல பொறுமை. எனக்குக் கால் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், போஞ்சியைப் பழமாக்கிவிட்டேன். எங்கள் இருவரில் யாருக்கு மறதி வருத்தம் என்று பார்த்தவர்களுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

கடைசியில் பந்து விளையாட்டு. பாட்டு நின்றதும், கையில் பந்து இருப்பவர் எதிரே நிற்பவருக்கு அதை எறிந்து அவருடைய பெயரைச் சொல்ல வேண்டும். முதல் நாள், அங்கே வந்திருந்த எங்கள் பக்கத்துக் கடை ராஜலிங்கத்தின் பெயரை இராஜகுமாரி டக்கென்று சொன்னாள். எனக்கு எறியும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டாள். பிரேமிளா என்னைத் தனியே கூப்பிட்டு, அம்மாவுக்கு உங்கள் பெயர் மறந்துவிட்டது, மனம் தளர்ந்துவிடாதீர்கள் என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. புருஷன் பெயரை அவள் என்றைக்குச் சொன்னாள், இன்றைக்கு மறக்க? கல்யாணமான நாளிலிருந்து நான் வெறும் ‘இந்தாங்க’தான். கோயிலில் என் பெயருள்ள சாமியைக்கூட ‘ஆடுற சாமி’ என்றுதான் சொல்லுவாள். இதைக் கேட்டுப் பிரேமிளா சிரித்துவிட்டாள். ஆனால் த்ரீவீலில் வீட்டுக்கு வரும்போது எனக்கே சந்தேகம் பிடித்துக்கொண்டது. பெயரைச் சொல்லாமல் இருக்கிறாளா, இல்லை நான் யாரென்றே தெரியாமல் இருக்கிறாளா? வாயே திறக்காதவளிடம் இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மண்டை காய்ந்துவிட்டது.

அடுத்த வாரம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஆடுற சாமி,” என்றாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

மண்டபமே சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாடா, என் வீட்டுக்காரி என்னோடுதான் இருக்கிறாள். அன்றைக்கு நானும் கொஞ்சம் வெட்கத்தை விட்டு ஆடினேன்.

பிறகு அந்தச் சொல்லுக்காகவே போனேன். சில சனிக்கிழமை உடனே வரும், சில சனிக்கிழமை இழுத்து இழுத்து வரும். ஒரு தடவை ‘சாமி’ மட்டும் வந்தது. சரி, அதுவாவது வந்ததே என்று இருந்துவிட்டேன்.

போன சனிக்கிழமை நல்ல மழை. பாட்டு நின்றது. இராஜகுமாரி பந்தை நேராக என்னிடம் எறிந்தாள். தயங்கவில்லை, வாயைப் பொத்தவும் இல்லை.

“நடராஜா,” என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். பிரேமிளா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மற்றவர்கள் வாராவாரம் சொல்லுகிற பெயர்தானே, கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டாள் போலிருக்கிறது. அவள் வாயால் என் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? ஒன்றும் புரியாமல் பந்தோடு நின்றேன்.

வெளியே வந்து குடையை விரித்தேன். அவள் தள்ளியே நின்றாள், நனைந்துகொண்டு. குடைக்குள் வா என்று கூப்பிட்டேன்.

“பரவால்ல, நீங்க போங்க நடராஜா ஐயா,” என்றாள் மரியாதையாக. “எங்க வீட்டுக்காரரு வருவாரு.”